ஒரு கட்டை இறக்கி

எத்தனை கட்டைன்னா கேட்டீங்க? வந்து உக்காந்து ஒரு வாய் தண்ணி குடிக்கல, கீபோர்டைப் பிரிச்சு வச்சுட்டு, "அம்மா, மேபல் அம்மா பாட்டை எத்தனை கட்டையில எடுத்துக்கலாம்"ங்கறீங்க. பாடகிகிட்ட வயசைக் கேட்டாக்கூட சிரிச்சுக்கிட்டே ரெண்டு வருஷம் குறைச்சுச் சொல்லிட்டுப் போயிடுவா தம்பி. கட்டையைக் கேட்டா கோவம் வரும். உங்கப்பா இதைச் சொல்லித் தரலையா? மாசிலாமணி மகன்தானே நீங்க. மூக்கைப் பாத்தாலே தெரியுது.

உக்காருங்க, உக்காருங்க. கோவமில்ல. மருமக காபி போட்டுக்கிட்டு இருக்கா. சர்க்கரை போடலாமில்ல?

அந்தப் பொண்ணு கல்யாணமாகி வந்த புதுசுல கேட்டா, கட்டைன்னா என்ன அத்தைன்னு. ஏணி மாதிரி வச்சுக்கன்னு சொன்னேன். கீழ்ப் படியில நின்னு ஆரம்பிச்சா பாட்டோட உச்சி கைக்கெட்டற தூரத்துல இருக்கும். மேல் படியில ஆரம்பிச்சா உச்சி எங்கயோ இருக்கும், ஆனா எட்டிப் பிடிச்சுட்டா கேக்கறவனுக்கு மயிர்க்கூச்செறியும். எந்தப் படியில ஆரம்பிக்கிறங்கறதுதான் கட்டை. ரெக்கார்ட்ல பாடின அதே கட்டையில மேடையிலயும் பாடறவதான் பாடகி. அரைக் கட்டை இறக்குங்க, ஒரு கட்டை இறக்குங்கன்னு வாத்தியக்காரங்க காதுல போய்க் கிசுகிசுத்தான்னா அன்னையோட அவ கதை முடிஞ்சுது. இவ்வளவும் கேட்டுட்டு, "சரி அத்தை, இட்லிக்கு ஊறப் போடட்டுமா"ன்னா. அவளைச் சொல்லி என்ன பண்றது.

மேபல் பாட்டு ரெக்கார்ட்ல ஆறு கட்டை. நானும் ஆறுலதான் பாடுவேன். போன்ல குறிச்சுக்கிறீங்களா? குறிச்சுக்கங்க. அம்சவேணி, ஆறு.

ஏன் அப்படிப் பாக்கறீங்க? அவ நினைவுக் கூட்டத்துக்கு நான் ஒத்துக்கிட்டதே அதுக்குத்தான். அழறதுக்கு ஒத்துக்கலை. அழறதுக்கு நெறைய பேர் வருவாங்க, டிவியில காட்டுவாங்க. நான் அவ பாட்டை அவ கட்டையில பாடிட்டு, மைக்கை வச்சுட்டு இறங்கி வந்துடுவேன். அவ என்னை இறக்கினா. நான் இறங்காம நின்னேன்னு அவ படத்துக்கு முன்னாடி காட்டிட்டு வரணும். உயிரோட இருக்கும்போது காட்ட முடியலை. இப்பவாவது காட்டணும்.

என்ன? "அப்பா சொல்லுவாரு"ன்னு என்னமோ ஆரம்பிக்கிறீங்களே. வேண்டாம். உங்கப்பா நல்ல மனுஷன், நல்ல ஆர்மோனியம், ஆனா அந்த விஷயத்துல அவரும் கூட்டு. அவர் சொன்னதை நீங்க சொல்ல வேண்டாம். நடந்தது எனக்குத் தெரியும். நான்தானே மேடையில நின்னேன்.

முதல்லேர்ந்து சொல்றேன் கேளுங்க. அப்பதான் அவ எப்பேர்ப்பட்டவன்னு தெரியும்.

நான் உறையூர்லேர்ந்து சென்னைக்கு வந்து, நாலஞ்சு படம் பாடி, ஊஞ்சல் பாட்டு வந்து, ரேடியோவைத் திறந்தா அம்சவேணி அம்சவேணின்னு இருந்த நேரம். அப்ப பாளையங்கோட்டையிலேர்ந்து வந்தா இவ. மேபல் தங்கம். சர்ச் பாடகர் குழுவுல பாடினவ. ரெக்கார்டிங் தியேட்டர் வெராந்தாவுல ஒரு பெஞ்சு இருக்கும். அதுல உக்காந்துக்கிட்டு கடலை மிட்டாய் கடிச்சுக்கிட்டு இருப்பா. பாடறதுக்கு முன்னாடி கடலை மிட்டாய் தின்கிறவளை நீங்க பாத்திருக்கீங்களா? நான் தயிர் தொடமாட்டேன், வாழைப்பழம் தொடமாட்டேன், தலைக்குக் குளிச்சா அன்னைக்கு வெளிய வரமாட்டேன், வெந்நீர் வெந்நீர்னு உயிரை விடுவேன். இவ ஐஸ் தண்ணியை மடமடன்னு குடிச்சுட்டு, வாயைப் புடவைத் தலைப்புல துடைச்சுக்கிட்டு, மைக் முன்னாடி போய் நின்னு ஆறு கட்டையில மேல் பஞ்சமத்தை சும்மா கதவைத் திறக்கிற மாதிரி திறந்துட்டு வந்து, மறுபடி மிட்டாயை எடுப்பா. கடவுளுக்குக் கண்ணில்லைன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

அவ மூச்சு எடுக்கிறதே கேக்காது தம்பி. நீங்க எந்தப் பாட்டை வேணா போட்டுக் கேளுங்க. பல்லவி முடிஞ்சு அனுபல்லவிக்குப் போற இடத்துல எல்லாரும் திருடன் மாதிரி ஒரு மூச்சு எடுப்போம், எனக்கும் கேக்கும். அவளுக்குக் கேக்காது. எங்க எடுக்கிறான்னு கண்டுபிடிக்கிறதுக்காக அவ ரெக்கார்ட் எல்லாத்தையும் வாங்கி வச்சிருந்தேன். அந்த அலமாரி பூரா அவளோடதுதான். கண்டுபிடிக்க முடியலை. நல்லாப் பாடுவான்னு சொல்றேன்னு நினைக்காதீங்க. மூச்சு கேக்காதுன்னுதான் சொல்றேன்.

நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து முதல்ல பாடினது ஒரு படத்துல. ரெண்டு கதாநாயகி, ஒருத்தனுக்காகப் போட்டி போட்டுப் பாடற பாட்டு. அப்பல்லாம் இப்ப மாதிரி ஆளுக்கொரு நாள் வந்து ஆளுக்கொரு வரி பாடிட்டுப் போறது கிடையாது. ஒரே மைக். அதுக்கு ரெண்டு பக்கமும் நாங்க ரெண்டு பேர், பின்னாடி வயலின் மட்டுமே ஒரு கூட்டம். யாராவது ஒருத்தர் தப்புப் பண்ணா எல்லாரும் முதல்லேர்ந்து வாசிக்கணும். ஒரு டேக் ரொம்ப நல்லாப் போய்க்கிட்டு இருக்கு. கடைசிச் சரணம். இவ இருமினா. மைக் முன்னாடி, முகத்துக்கு நேரா, டமார்னு ஒரு இருமல். போச்சு. இசையமைப்பாளர் தலையில கையை வச்சுட்டார். "மேபல், நீயா"ன்னார். "மன்னிச்சுக்கோங்க சார், தொண்டையில மிட்டாய்"ன்னா. எல்லாரும் சிரிச்சாங்க, கொஞ்சம் திட்டவும் செஞ்சாங்க.

அந்த டேக்ல நானும் ஒரு வரியை மாத்திப் பாடிட்டேன்தான். ரெண்டாவது சரணத்து வரியைக் கொண்டுவந்து மூணாவதுல போட்டுட்டேன். புதுசா வந்தவ பக்கத்துல நின்னு நான் வரி மறந்தேன்னா என் மானம் என்ன ஆகியிருக்கும்? ஆனா யாருக்கும் தெரியலை. ஏன்னா நான் வாயைத் திறந்து அந்த வார்த்தை வந்த மாத்திரத்துல இவ இருமிட்டா. எல்லாரும் அவளைத்தான் பாத்தாங்க. என் நல்ல நேரம். ஆனா நீங்களே சொல்லுங்க, அவ்வளவு பெரிய பாடகிக்கு டேக்ல இருமல் வரலாமா? அதுல இருக்கிற அலட்சியத்தைப் பாருங்க.

காபி எடுத்துக்கங்க. சூடா இருக்கும்போதே குடிங்க.

நான் அவளைப் பத்தி அநியாயமாப் பேச மாட்டேன். பேசவும் விடமாட்டேன். ஒரு தயாரிப்பாளர், பேர் வேண்டாம், செத்துப் போயிட்டார். என்னைப் பாட வச்சுட்டு, "அந்த ஜெபக்கூட்டத்துக்காரியை விட நீங்க எவ்வளவோ மேல்மா"ன்னார். நான் செருப்பை மாட்டிக்கிட்டேன். "சார், அவளை நான் ஆயிரம் சொல்லுவேன். அவளோட சரிக்குச் சரி பாடறவ நான். உங்களுக்கு என்ன யோக்யதை"ன்னு கேட்டுட்டு வெளிய வந்துட்டேன். அந்தப் பாட்டே போச்சு. வேற யாரையோ வச்சு எடுத்தாங்க. இது அவ காதுக்குப் போயிருக்கு. அடுத்த வாரம் வெராந்தாவுல என்னைப் பாத்ததும் மிட்டாய்ப் பொட்டலத்தை நீட்டினா. நான் எடுத்துக்கலை. கடலை தொண்டைக்கு ஆகாது.

இப்ப திருச்சிக்கு வர்றேன். அதுதான் விஷயம்.

எங்க ரெண்டு பேரையும் ஒரே மேடையில ஏத்தி ஊர் ஊராப் போகணும்னு ஒரு ஏற்பாடு. "இரு தேன்குரல்கள்"னு சுவரெல்லாம் போஸ்டர். மதுரை, கோயம்புத்தூர், கடைசியா திருச்சி. உங்கப்பாதான் வாத்தியக்குழுவுக்குத் தலைமை. பாதிப்பேரு அவளுக்குக் கை தட்ட, பாதிப்பேரு எனக்குக் கை தட்ட, கோயம்புத்தூர்ல விசிலடிக்கிறதுல சண்டையே வந்து போலீஸ் வந்துச்சு. அந்தச் சீசன்ல என் தொண்டை சரியா இல்ல. வெளிய யாருக்கும் தெரியாது. வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியும். மேல போற இடத்துல ஒரு கரகரப்பு. ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது. மதுரையில எப்படியோ ஒப்பேத்திட்டேன். கோயம்புத்தூர்ல ஊஞ்சல் பாட்டுல உச்சி வர்ற இடத்துல மைக்கை ஜனங்க பக்கம் திருப்பிட்டேன், அவங்களே பாடிட்டாங்க. கொண்டாட்டம்னு நினைச்சுக்கிட்டாங்க.

திருச்சி என் ஊர். அங்க மைக்கைத் திருப்ப முடியாது. என் பெரியப்பா, சித்தி, பள்ளிக்கூடத்து டீச்சர் எல்லாரும் முன் வரிசையில. மைதானத்துலேர்ந்து பாத்தா மலைக்கோட்டை விளக்கு தெரியும். அங்க என் குரல் உடைஞ்சா அதுக்கப்புறம் எனக்கு ஊரும் கிடையாது, பாட்டும் கிடையாது. இது எனக்குத் தெரியும். அதனாலதான் மத்தியானமே வந்து, மேடைக்குப் பின்னாடி பலகைத் தடுப்பு போட்டுக் கொடுத்த அறையில உக்காந்து, மெதுவா மெதுவா அந்த உச்சியை எடுத்துப் பாத்துக்கிட்டு இருந்தேன். உடைஞ்சுது. திரும்ப எடுத்தேன். திரும்ப உடைஞ்சுது. அப்ப பலகைக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து சத்தம் வருது. "ஏ அம்சா, என்ன, சத்தம் ஒரு மாதிரி இருக்கே?"

ஒட்டுக் கேட்டிருக்கா. கொஞ்ச நேரம் கழிச்சு ஒரு ஃபிளாஸ்க்கைக் கொண்டுவந்து வாசல்ல வச்சுட்டுப் போனா. சுக்கும் அதிமதுரமும் போட்டுக் காய்ச்சின தண்ணி. வாசனையிலேயே தெரிஞ்சுது. அப்படியே கொண்டுபோய் வாளியில கொட்டினேன். உங்களுக்குத் தெரியுமோ என்னமோ, அந்தக் காலத்துல பாடறவங்களுக்குச் சிந்தூரம் கலந்து கொடுத்துடுவாங்க. நாடகக் கம்பெனியில அப்படிக் குரல் போனவங்க எத்தனையோ பேரு. எங்கம்மா சின்ன வயசுலேயே சொல்லியிருக்கா, கூடப் பாடறவ கையால தண்ணி வாங்கிக் குடிக்காதேன்னு. அவ கலந்தாளா இல்லையா, எனக்குத் தெரியாது. நான் எதுக்குக் குடிச்சுப் பாக்கணும்?

அடுத்தது கேளுங்க. நிகழ்ச்சியில முதல் பாட்டு என்னோடதுன்னு முன்னாடியே பேசியிருந்தது. என் ஊராச்சே. சாயங்காலம் கூட்டம் சேர ஆரம்பிச்சதும் ஏற்பாடு பண்ணினவர் வந்து கையைப் பிசையறார். "மேபல் மேடம் முதல் பாட்டு தனக்கு வேணும்னு ஒரே பிடிவாதமா இருக்காங்க." மதுரையில கேக்கலை, கோயம்புத்தூர்ல கேக்கலை. எதையுமே கேக்கறவ இல்ல அவ, அறை எது கொடுத்தாலும் சரிம்பா, பேரு போஸ்டர்ல கீழ இருந்தாலும் சரிம்பா. என் ஊர்ல வந்து முதல் பாட்டைக் கேக்கறா. எடுத்துக்கச் சொல்லுங்கன்னுட்டேன். என் உடம்புல அன்னைக்குச் சண்டை போடத் தெம்பில்ல. உள்ள உக்காந்து தலையில போர்வையைப் போட்டுக்கிட்டு ஆவி பிடிச்சேன். அவ என்ன பாடினா, எப்படிப் பாடினான்னு கேக்கவே இல்ல.

அப்புறம் என் முறை. போனேன். கும்பிட்டேன். கை தட்டல் நிக்கறதுக்கே நேரமாச்சு. ஊஞ்சல் பாட்டு. உங்கப்பா கையைக் காட்டினார். ஆரம்ப இசை வந்துச்சு.

தம்பி, அந்த ஆரம்ப இசை என் ரத்தத்துல இருக்கு. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன், அது அஞ்சரைக் கட்டை. முதல் ரெண்டு சுரம் வந்ததுமே எனக்குக் கால் கீழ தரை இறங்கின மாதிரி இருந்துச்சு. நாலரை. முழுசா ஒரு கட்டை இறக்கியிருக்காங்க. என்னைக் கேக்காம. பாதியில நிறுத்த முடியுமா, ஊரே பாத்துக்கிட்டு இருக்கு. பாடினேன். பல்லவி, சரணம், உச்சி. உச்சி வந்துச்சு. என்னமா வந்துச்சு தெரியுமா, உடையாம, தழுதழுக்காம, நின்னு வந்துச்சு. எங்க டீச்சர் எழுந்து நின்னு அழுதாங்க. ஒன்ஸ் மோர் ஒன்ஸ் மோர்னு ஒரே கூச்சல். மறுபடி பாடினேன்.

பாடிட்டு உள்ள வந்தேன். அவமானம். இடைவேளையில உங்கப்பாவைக் கூப்பிட்டு, எவன்யா என் பாட்டை இறக்கச் சொன்னதுன்னு கேட்டேன். அந்த மனுஷன் தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "மேபல் அக்கா சொன்னாங்கம்மா. எல்லாப் பாட்டையுமே ஒரு கட்டை இறக்கச் சொன்னாங்க"ன்னார். அப்பல்லாம் இந்த மாதிரி பட்டனைத் தட்டினா இறங்கற பொட்டியா இருந்துச்சு? குழல்காரர் குழலை மாத்தணும், வயலின்காரங்க விரலை மாத்தணும், ஒவ்வொரு பாட்டையும் திரும்ப வாசிச்சுப் பழகணும். மத்தியானம் பூரா சாப்பிடாம கொள்ளாம வாத்தியக்காரங்களோட உக்காந்து சதி பண்ணியிருக்கா.

எதுக்கு? வாத்தியக்காரங்க எல்லாருக்கும் தெரியட்டும், அம்சவேணி இறங்கிட்டான்னு. அதுக்குத்தான். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல? கேட்டா நான் ஒத்துக்கிட்டிருப்பேனா? மாட்டேன். செத்தாலும் மாட்டேன். அது அவளுக்குத் தெரியும். அதனாலதான் கேக்கலை. அவ்வளவு கள்ளத்தனம்.

அதோட விட்டாளா? இடைவேளைக்கு அப்புறம் நான் ஓரமா நின்னு கேட்டேன். அவ பாட்டையும் ஒரு கட்டை இறக்கித்தான் பாடறா. ஆறுல சிங்கம் மாதிரி பாடவேண்டிய பாட்டை அஞ்சுல பாடறா. அவளுக்குத் தொண்டையில என்ன கேடு? ஐஸ் தண்ணி குடிச்சுட்டு ஏழு கட்டைகூட எடுப்பா. கேலி, தம்பி. பாரு அம்சா, உன்னை மாதிரி நானும் பாடிக் காட்டறேன்னு கேலி. எனக்கு அப்படியே பத்திக்கிட்டு வந்துச்சு.

ஆனா தெய்வம்னு ஒண்ணு இருக்கு. அடுத்த வாரம் ஒரு பத்திரிகையில விமர்சனம் வந்துச்சு. "மேபல் தங்கத்தின் குரல் இறங்கிவிட்டது. முதல் பாட்டிலேயே அது தெரிந்துபோயிற்று. அம்சவேணியோ சொந்த மண்ணில் அசையாமல் நின்றார்." ஒருத்தனாவது உண்மையை எழுதினானேன்னு இருந்துச்சு எனக்கு. வீட்டுக்காரர் சத்தமாப் படிச்சுக் காட்டிட்டு, அதுக்கப்புறம் என் முகத்தையே பாத்துக்கிட்டு இருந்தார். என்னன்னு கேட்டேன். ஒண்ணுமில்லைன்னுட்டு எழுந்து போயிட்டார்.

அந்த விமர்சனத்துக்கப்புறம் அவளுக்குப் பாட்டு குறைஞ்சுபோச்சு. சினிமாவுல ஒருத்தன் ஒண்ணு சொன்னா அதையே பத்துப் பேரு சொல்லுவாங்க. மேபலுக்கு மேல போகலையாம், மேபலை வச்சா இறக்கிப் போடணுமாம்னு. ஒரு தடவை வாயைத் திறந்து பாடிக் காட்டியிருந்தா எல்லார் வாயும் அடைஞ்சிருக்கும். காட்டலை. என்னமோ கேட்டதுக்கெல்லாம் சிரிச்சுக்கிட்டே இருந்திருக்கா. அவளுக்கு வரவேண்டிய பாட்டுல முக்கால்வாசி எனக்குத்தான் வந்துச்சு. நான் போய்க் கேக்கலை. அவங்களா வந்தாங்க.

உடனே பாட முடியலை, அது வேற விஷயம். திருச்சியிலேர்ந்து வந்ததும் டாக்டர்கிட்டப் போனேன். குரல் நாண்ல சின்ன முடிச்சு. மூணு மாசம் வாயைத் திறக்கக் கூடாதுன்னுட்டார். காசிக்குப் போயிருக்கேன்னு வெளிய சொல்லிட்டு, வீட்டுக்குள்ள சிலேட்டுல எழுதிக் காட்டிக்கிட்டு இருந்தேன். டாக்டர் ஒண்ணு சொன்னார். "அந்த வாரம் எங்கயாவது ஒரே ஒரு தடவை இன்னும் ஒரு படி மேல போய்க் கத்தியிருந்தீங்கன்னா குரல் திரும்ப வந்தே இருக்காதும்மா. யார் செஞ்ச புண்ணியமோ"ன்னார். உச்சிப் பிள்ளையார்னு நினைச்சுக்கிட்டேன். குணமானதும் முதல் வேலையா மலையேறிப் போய் நூத்தெட்டுத் தேங்காய் உடைச்சேன்.

அதுக்கப்புறம் அவகிட்ட நான் பேசலை. ஒரே ஒரு தடவை ஏர்போர்ட்ல எதிர்ல வந்துட்டா. நரை வந்துடுச்சு, கையில ஒரு துணிப்பை. அதுக்குள்ள மிட்டாய் இருந்தாலும் இருக்கும். நின்னா. "அம்சா, தொண்டை இப்ப சொகமா இருக்கா?"ன்னா. இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் குத்தறா பாருங்க. "உன் தொண்டையைப் போய்ப் பாத்துக்க"ன்னேன். தலையை ஆட்டிட்டுப் போயிட்டா. கடைசியாப் பேசினது அதுதான்.

போன மாசம் டிவியில கீழ ஓடற எழுத்துல அவ பேரு போச்சு. மருமக சத்தம் போட்டுக் கூப்பிட்டா. அன்னைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கலை. முந்தின நாள் பஜ்ஜி சாப்பிட்டது ஒத்துக்கலை.

சரி, கதை போதும். ஒத்திகைக்கு வந்த மனுஷரை உக்கார வச்சுப் பேசிக்கிட்டு இருக்கேன். வைங்க ஆறு. ஆரம்ப இசை வேண்டாம், சுருதி மட்டும் கொடுங்க. ம்.

இருங்க. திரும்ப.

காலையிலேர்ந்து பேசிக்கிட்டே இருக்கேன் இல்ல, காஞ்சு கிடக்கு. அஞ்சரை வைங்க. சும்மா சூடு பண்ணிக்கிறதுக்கு. அஞ்சு. என்னைப் பாக்காதீங்க தம்பி, உங்க பொட்டியைப் பாருங்க. நாலரை. இன்னும் கொஞ்சம். நாலு. ம். இது வருது. இதுல வருது.

கதவை லேசாச் சாத்துங்க.

இது நமக்குள்ள இருக்கட்டும். எழுபது வயசாகப் போகுது, நாலுல பாடறதே பெரிசுதான், ஆனா அன்னைக்குப் பாடப் போறது நான் மட்டும் இல்லியே. சின்னப் பொண்ணுங்க நாலஞ்சு பேரு வர்றாங்க, எல்லாரும் ஒரிஜினல் கட்டையில பாடிட்டுப் போவாங்க. அவங்களுக்கு நடுவுல நான் போய் நாலுல ஆரம்பிச்சா காது இருக்கிற எவனுக்கும் தெரிஞ்சுடும். அதுக்கு ஒரு வழி இருக்கு. நல்ல வழி. இந்த வழி அனுபவப்பட்டவங்களுக்குத்தான் தெரியும். நீங்க அன்னைக்கு எல்லார் பாட்டையும் இறக்கிடுங்க. முதல் பாட்டுலேர்ந்தே இறக்கிடணும், அதுதான் முக்கியம். அந்த முதல் பாட்டுக்காரியை வேணா என்னமோ இறங்கிட்டாளேன்னு நாலு பேரு சொல்லுவாங்க, சொல்லிட்டுப் போறாங்க. அதுக்கப்புறம் ஜனங்க காது பழகிடும். எல்லாமே இறங்கியிருந்தா, நடுவுல வந்த ஒருத்தி இறங்கினது யாருக்கும்

இருங்க.

வாசிக்காதீங்க. கையை எடுங்க அதுலேர்ந்து.

முதல் பாட்டு வேணும்னு கேட்டா. எதையுமே கேக்கறவ இல்ல அவ.

உங்கப்பா என்னமோ சொல்லுவார்னு ஆரம்பிச்சீங்களே. என்ன சொல்லுவார்? வேண்டாம். வேண்டாம் தம்பி, சொல்லாதீங்க. இப்பத் தெரிஞ்சு நான் என்ன பண்ணப்போறேன், யாருகிட்டப் போய்ச் சொல்றது.

இருமினா. மைக்கு முன்னாடி நின்னு இருமினா பாவி.

எனக்கு ஒண்ணுமில்ல. மருமகளைக் கூப்பிட வேண்டாம். தண்ணி அந்தச் சொம்புல இருக்கு, எடுங்க. வெந்நீர் வேண்டாம், அதுவே போதும்.

போன்ல என்ன குறிச்சீங்க? நாலா? அழிங்க. ஆறுன்னே போடுங்க. வராது, எனக்குத் தெரியும். பல்லவியிலேயே உடையும். உடைஞ்சாலும் நீங்க நிறுத்தக் கூடாது, எனக்காக இறக்கவும் கூடாது, வாசிச்சுக்கிட்டே இருக்கணும். மத்தவங்க பாட்டையெல்லாம் அதது கட்டையிலேயே விட்டுடுங்க. யாரு பாட்டையும் இறக்க வேண்டாம். யாரு குரல் உடைஞ்சதுன்னு எல்லாருக்கும் கேக்கட்டும்.